காலியாக விட்ட கட்டம்

"வீரியம்னு இருக்க கட்டத்த நம்ம கடையில காலியா விடுதோம். அந்த கம்பெனி சிஸ்டம் அத என்னன்னு எடுத்துக்கிடும்னு கேட்டீங்களா?"

"ஏட்டி, சீசன் வந்துட்டு. ஒன் ஆராய்ச்சியெல்லாம் ஆடி கழிச்சுப் பேசுவோம். இப்ப ரெண்டையும் இணைச்சு விடு."

போன மாதம் கணவன் சுந்தரபாண்டியன் சிரித்துக்கொண்டே சொன்னான். காளீஸ்வரியும் வாயை மூடிக்கொண்டு இணைத்துக் கொடுத்தாள். இப்போது குற்றாலம் ரோட்டில், வேன்களுக்கு நடுவே நகராமல் நின்ற காரில், அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

தென்காசியில் அவர்களுக்கு மருந்து மொத்தக் கடை. இன்சுலின் பாட்டில் என்றால் அங்கே மில்லிக்கு நாற்பது யூனிட் வீரியம்தான். அதனால் யாரும் அதைக் கணினியில் பதிவதே இல்லை. மருந்து அனுப்பும் கம்பெனியின் கணினி காலிக் கட்டத்தை நூறு என்று எடுத்துக்கொண்டது. சீசன் அவசரத்தில் வந்த பெட்டி அப்படியே குற்றாலத்துக்குப் போய்விட்டது. அங்கே மருந்துக்கடை வைத்திருக்கும் கிதிர் முகம்மது சற்றுமுன்தான் சுந்தரபாண்டியனிடம் போனில் பதறினார்.

"அண்ணாச்சி, எல்லாம் நூறு! ஒண்ண லாட்ஜ் சமையல்காரர் மணிமுத்துக்குக் குடுத்துட்டேன். பழைய நாப்பது அளவு ஊசியில ஏத்துனா மருந்து ரெண்டரை மடங்கு போயிரும். லாட்ஜ் எங்கன இருக்குன்னே தெரியல, போனையும் எடுக்க மாட்டேங்காரு."

விசாரித்ததில் ஐந்தருவிப் பக்கம் என்று தெரிந்தது. மணி ஆறே முக்கால். ஏழு மணிக்கு மணிமுத்து சாப்பிடுவாராம். அதற்கு முன்னால் ஊசி.

"இறங்குங்க, ஓடிருவோம்," என்றாள்.

சாரலில் நனைந்தபடி லாட்ஜ் அடுக்களைக்குள் நுழைந்தபோது மணிமுத்து சட்டையைத் தூக்கி, வயிற்றுச் சதையைப் பிடித்திருந்தார். ஊசி மறு கையில்.

"குத்தாதீங்க!" காளீஸ்வரி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன தாயி, எனக்கு ஊசி போட சோடியா வந்திருக்கீய?"

சுந்தரபாண்டியன் பாட்டிலை வாங்கிப் பார்த்தான். நூறு. விஷயத்தைச் சொன்னதும் மணிமுத்து ஊசியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் சுந்தரபாண்டியன் சொன்னான்.

"நாளைக்கே அந்தக் கட்டத்த நீயே சரி பண்ணிரு, காளி."

கல்யாணத்துக்காக அவள் பாதியில் விட்ட கணினி ஆராய்ச்சிப் படிப்பு. இரண்டு வருடமாகத் தொண்டை வரை வந்து திரும்பிப்போன பேச்சு.

"இந்தக் கட்டத்தச் சரி பண்ணிருவேன். வேற கடையில வேற கட்டம் காலியா கெடக்குமே? எந்த சிஸ்டம் எதோட சேர்ந்தாலும் எழுதுனதும் எழுதாம விட்டதும் அர்த்தம் மாறாமப் போய்ச் சேர ஒரு வழிமொற வேணும். அதத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன்." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "என்னை ஆராய்ச்சிய முடிக்க அனுப்புங்க."