ஏழாவது நாற்காலி

பரிதா ஓடிக்கொண்டிருந்தாள். தன் புளி மண்டித் தராசுக்குப் பக்கத்தில் விட்ட செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல், பெத்தனப்பள்ளிக் கடைவீதியில், உச்சிவெயில் நெருங்கும் நேரத்தில், வெறுங்காலோடு. 1911ஆம் வருடத்து நகரசபை பழைய மன்றக் கூடத்தில் கூடி வெகுநேரம் ஆகியிருந்தது. அவர்கள் எழுந்து போனதும் கூடத்தை இடித்துக் கடைகள் கட்டுவதாக இன்றைய நகராட்சியின் ஏற்பாடு. ஜே.சி.பி. காலையிலேயே வந்து வாசலில் நின்றது.

அந்தச் சபை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை கூடுவது ஊருக்குப் புதிதல்ல. அந்த வருடத்து வாந்திபேதி சேர்மன் குப்புராஜையும் ஐந்து உறுப்பினர்களையும் ஒரே வாரத்தில் கொண்டுபோயிற்று. ஆனாலும் சாவதற்கு முன் ஒத்திவைத்த கூட்டம் ஒத்திவைத்த கூட்டம்தானே என்று அடுத்த மாதமே தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு மாதம் தவறியதில்லை. அவர்களுடைய உடம்புக்கு ஊடே பின்சுவர் லேசாகத் தெரியும், வேறு குறை சொல்ல முடியாது. வந்ததும் தலையெண்ணுவார்கள். ஏழு பேரில் ஆறு பேர் இருப்பார்கள். ஏழு பேரும் இருந்தால்தான் தீர்மானம் என்பது அந்தச் சபை தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. நான் இல்லாத நேரம் பார்த்துச் செய்துவிட்டார்கள் என்று பின்னால் யாரும் பேசக்கூடாது பாருங்கள். ஆக, கோரம், அதாவது வேண்டிய வருகை, இல்லை. தீர்மானம் தேவைப்படாத சில்லறை வேலைகளைச் சேர்மன் தன் அதிகாரத்தில் பார்த்துவிட்டு, கடைசியில் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று சொல்லிவிட்டுப் போவார்.

அந்தச் சில்லறை வேலைகளில்தான் ஊர் பிழைத்தது. சந்தை முனையில் கம்பமும் இல்லாமல் கம்பியும் இல்லாமல் ஒரு விளக்கு எரிந்தது. மின்வாரியத்துக்காரர்கள் ஒருமுறை வந்து அண்ணாந்து பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். ஐப்பசி மழைக்கு முதல் நாள் சாக்கடைகள் தூர்வாரிக் கிடக்கும். வெறிநாய் எதுவும் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. சந்தையில் கள்ள எடைக்கல் வைத்தவன் கையில் அந்தக் கல் மாலைவரை ஒட்டிக்கொண்டிருக்கும். சனங்கள் நன்றி மறக்கவில்லை. ஆயுத பூசைக்கு அந்த ஆறு நாற்காலிக்கும் பொட்டு வைத்தார்கள். தேர்த் திருவிழாவின் முதல் வாழைத்தாறும் ரம்சான் கஞ்சியின் முதல் வாளியும் கூடத்து வாசலுக்குப் போயின. மேலத்தெருவில் புதிதாகக் கட்டிய நகராட்சி அலுவலகத்திலும் நிம்மதிதான். பாதிப் புகார் அவர்கள்வரை வருவதேயில்லை.

தண்ணீர் மட்டும் சில்லறை வேலை அல்ல. பாலத்தடித் தெருவுக்குக் குடிதண்ணீர் கொடுப்பது என்பதுதான் 1911இல் அந்தக் கடைசிக் கூட்டத்தில் கோரம் இல்லாமல் நின்றுபோன தீர்மானம், அதனால் அந்தத் தெருவுக்கு எந்த ஆட்சியிலும் தண்ணீர் வரவில்லை. தோண்டிய போர்வெல்களில் எல்லாம் காற்று வந்தது. நல்ல காற்றுதான், துணி உலர்த்திக்கொண்டார்கள். ஒகேனக்கல் தண்ணீர் ஊருக்கு வந்த வருடம் அந்தத் தெருவுக்கும் குழாய் போட்டார்கள். தண்ணீர் தெருமுனைவரை சத்தமாக வந்து, அழையாத வீட்டு வாசலில் நிற்கும் விருந்தாளி மாதிரி தயங்கி, வந்த வழியே திரும்பிற்று. என்ஜினீயர் குழாயில் காது வைத்துக் கேட்டுவிட்டு, ஆமாம் திரும்புகிறது என்று ஒப்புக்கொண்டார். தெருப் பெண்கள் குடத்தோடு அடுத்த தெருவுக்குப் போய் ஏச்சு வாங்கிக்கொண்டே பிடித்து வந்தார்கள்.

வராத ஏழாவது உறுப்பினர் நூர் பாஷா, புளி வியாபாரி. நோய் பரவியிருந்த அந்தக் கூட்ட நாளில் விடிவதற்குள் வண்டி கட்டிக்கொண்டு போனவர், போனவர்தான். உயிருக்குப் பயந்து ஓசூர்ப் பக்கம் ஓடிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. அவருடைய வீட்டுக்கு ஓடிப்போனவர் வூடு என்று பெயர் விழுந்தது. தபால்காரருக்கே அதுதான் விலாசம். பரிதா அவருக்குக் கொள்ளுப்பேத்தி. அவளுடைய அப்பா சுபியான், கூடத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு, பள்ளிவாசலுக்குக்கூட ஊரைச் சுற்றித்தான் கடைசிவரை போய்வந்தார். நூர் பாஷா எங்கே போனார் என்று சேர்மனிடமே கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. தீர்மானம் ஆகாததைச் சபை வெளியில் பேசுவதில்லை என்று தலையைக் குனிந்துகொண்டார். கோரத்துக்காகவாவது இருக்கட்டும் என்று எழுபதுகளில் ஒரு கவுன்சிலர் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அடுத்த நொடி பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு யாரும் முயலவில்லை.

பரிதா போன தேர்தலில் பாலத்தடித் தெரு வார்டில் நின்றாள். ஓடிப்போற வம்சத்துக்கு ஓட்டா என்று சுவரில் எழுதினார்கள். தண்ணீர் கொண்டுவராமல் ஓயமாட்டேன் என்று வீடு வீடாகச் சொல்லித்தான் ஜெயித்தாள். பிறகு கலெக்டர் ஆபீஸ், மனு, மறியல் எல்லாம் பார்த்தாயிற்று. தண்ணீர் தெருமுனையைத் தாண்டவில்லை. அன்று காலை அந்தத் தெரு சின்னம்மாள் பரிதாவின் மண்டிக்குப் புளி வாங்க வந்து, குடம் சுமந்து தேய்ந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கோட கூடத்தையும் இடிக்கறாங்களாம் கவுன்சிலரம்மா. அப்புறம் எங்க தெருவுக்குத் தண்ணின்னு பேசக்கூட எடமில்ல. காலியாக் கெடக்கறது உங்க வூட்டு நாற்காலிதானே? ஒருநாளாச்சும் போய் உக்காந்தீங்களா?"

பஸ் ஸ்டாண்டுக்குப் போய் விழுவேன், ஊரே சிரிக்கும் என்றாள் பரிதா.

"எங்க பொழப்பப் பாத்துச் சிரிக்காத ஊரா? உங்களையும் கொஞ்சம் சிரிச்சுட்டுப் போவட்டும்."

அதற்குத்தான் இந்த ஓட்டம்.

வாசலில் ஜே.சி.பி. டிரைவர் மாதேஷ், நல்லம்பள்ளிக்காரர், இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே நின்றிருந்தார். உள்ளே பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பாதியில் எழுப்பினால் நன்றாக இருக்காது என்றார். பரிதா அவரைத் தாண்டி உள்ளே போனபோது சேர்மன் ஒத்திவைப்பைச் சொல்ல வாயெடுத்துவிட்டார். அவள் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். டீக்கடைப் பாய்லர் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால் ஆறு தலைப்பாகைகளும் அவள் பக்கம் திரும்பியிருந்தன.

யார் என்று கேட்டார் சேர்மன். நூர் பாஷா வீட்டுப் பெண் என்றாள். வீட்டு வரி கட்டுவதுண்டா என்று கேட்டார்.

"நாங்க கட்டறோமுங்க. பாலத்தடித் தெரு சனங்க தண்ணி வரியே கட்டறாங்க, தண்ணிதான் வரல."

முனியப்பன் என்ற உறுப்பினர் தொண்டையைச் செருமினார். பெண்பிள்ளை சபையில் உட்காருவது வழக்கமா என்று அவருக்குச் சந்தேகம். பக்கத்தில் இருந்த மாரியப்பன் திரும்பிப் பார்த்தார்.

"நூறு வருசத்துக்கு மேல ஆம்பளைங்களா உக்காந்து என்னத்தக் கிழிச்சோமுங்க?"

முனியப்பன் யோசித்தார், பேச்சை வாபஸ் வாங்கிக்கொண்டார். வருகை ஏழு என்றார் சேர்மன். பாலத்தடித் தெருவுக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் தீர்மானத்துக்கு ஏழு கைகள் உயர்ந்தன. கொஞ்ச நேரத்தில் வாசலில் மாதேஷின் தலை தெரிந்தது. அந்தத் தெருவில் எல்லாக் குழாயும் இருமிக்கொண்டே ஊற்றுகிறதாம், ஒரு அம்மா குடத்தை வைக்காமல் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறாராம் என்று சொல்லிவிட்டு, மறுபடி போய் வண்டி நிழலில் நின்றுகொண்டார்.

கூடம் அன்று மாலை அமைதியாக இடிந்தது, கடைகள் வந்தன, சபை அதற்குப் பிறகு கூடவில்லை. பாலத்தடித் தெரு இன்றைக்கும் முதல் குடத்தை அவர்கள் பெயரைச் சொல்லித்தான் பிடிக்கிறது. அதெல்லாம் பிறகு. அந்த நேரத்தில் பரிதா ஆறு பேரையும் கும்பிட்டுவிட்டு, தெருவைப் பார்க்க ஓடத் தயாராக எழுந்தாள். சேர்மன் கையமர்த்தினார். இன்னொரு தீர்மானம் பாக்கி. இரங்கல் தீர்மானம் முதலில் வருவதுதான் முறை, ஆனால் சம்பந்தப்பட்டவர் தண்ணீரைத்தான் முதலில் எடுக்கச் சொல்லியிருந்தார் என்றார். சாவுச் செய்தி அன்றைய கூட்டம் கலைந்த பிறகுதான் வந்ததாம். மறுபடி கூடினால் கோரம் இல்லை. கோரம் இல்லாத சபை துக்கம்கூடச் சொல்ல முடியாது. அவரிடம் தண்ணீர் வாங்கியவர்களும், கூட இருந்து அடக்கம் செய்தவர்களும் அதே வாரம் நோயில் போய்விட்டார்கள். ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். பரிதாவும் நின்றாள். சேர்மன் தாளைப் பார்க்காமலே சொன்னார், அத்தனை வருடம் மனப்பாடமாகியிருந்தது.

"இச்சபையின் உறுப்பினர் நூர் பாஷா, வாந்திபேதி கண்ட பாலத்தடித் தெருவுக்குள் யாரும் கால் வைக்காத நாட்களில், தமது புளி வண்டியில் குடிதண்ணீர் ஏற்றிப்போய் வீடு வீடாகக் கொடுத்துவந்தார். தண்ணீர்த் தீர்மானத்துக்குக் கை தூக்க, ஒரு நடை கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லியனுப்பிய அவர், கூட்டத்தன்று காலை அந்தத் தெருவின் கடைசி வீட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டு, அந்த வாசலிலேயே காலமானார்."