உரிமம் பன்னிரண்டு பேருக்கு

மார்ச் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, பேருந்து நிலையத்தின் பின்தெருவில் உள்ள குழந்தைகள் காப்பகத்தில் பதினைந்து குழந்தைகள் இருந்தார்கள். உரிமம் பன்னிரண்டு பேருக்கு.

கூடுதலாக இருந்த மூவரின் தாய்மார்களும் ஆஸ்பத்திரி செவிலியர்கள். ஷிப்ட் மாறும்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். காப்பகம் நடத்தும் பெண்ணுக்கு முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வராது. அதனால் ஒரு விளையாட்டை உண்டாக்கியிருந்தாள். அதிகாரி யாராவது வந்தால் 'பூனை' என்பாள். மூன்று எலிகளும் பின்னாலுள்ள சாமான் அறைக்கு ஓடி, மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். மற்ற குழந்தைகள் சும்மா இருப்பார்களா? நாங்களும் எலிதான் என்று அடம்பிடித்துக் கற்றுக்கொண்டார்கள்.

அன்று ஆய்வாளர் சொல்லாமல் வந்தார்.

"சொல்லிட்டு வந்தா எல்லா இடமும் பளபளன்னு இருக்கும்மா. அதான்" என்று செருப்பைக் கழற்றினார்.

அதற்குள் மூன்று எலிகளும் போயிருந்தன. அவர் கூடத்தை டேப் வைத்து அளந்தார். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். சமையலறைத் தாழ்ப்பாள் குழந்தைகளுக்கு எட்டுமா என்று குனிந்து பார்த்தார்.

"அண்ணி, விட்டா நம்மளையும் அளந்து எழுதிடுவாரு" என்றாள் சமையலறையிலிருந்து நாத்தனார். காப்பகத்தில் வேறு ஆள் கிடையாது, இவர்கள் இருவர்தான்.

அண்ணி சிரிக்கவில்லை. நேராக இருந்த பாயை மறுபடி நேராக்கினாள். உரிமம் அந்த மாதத்தோடு முடிகிறது. இவர் கையெழுத்துப் போட்டால்தான் ஏப்ரலில் கதவைத் திறக்கலாம். ஒரு காது முழுக்கச் சாமான் அறையில் இருந்தது.

கடைசியாகத் தீ எச்சரிக்கை மணி.

"மணி அடிச்சதும் எல்லாரும் வாசலுக்கு வரணும். பாக்கலாம்" என்று பொத்தானை அழுத்திவிட்டு அவர் வெளியே போய் நின்றார்.

அந்தச் சத்தத்தைக் குழந்தைகள் அதுவரை கேட்டதில்லை. "ஓடுங்க, ஓடுங்க" என்றாள் அவள். ஏதோ ஒரு குழந்தை "பூனை" என்று கத்தியது. கூடம் காலியாகிவிட்டது. வாசலுக்கு ஒருவரும் வரவில்லை.

ஆய்வாளர் உள்ளே வந்து மணியை நிறுத்தினார். "யாரையும் காணோமே?"

"பயந்துட்டாங்க சார்."

"பயந்தா அழுவாங்களே. ஒரு சத்தமும் இல்ல."

கட்டிலுக்கு அடியிலிருந்து, கதவுக்குப் பின்னாலிருந்து, திரைச்சீலைக்குள்ளிருந்து ஒவ்வொருவராக இழுத்து வந்து சுவரோரம் நிறுத்தினார்கள். ஆய்வாளர் தலைகளைத் தொட்டு எண்ணினார். பன்னிரண்டு வந்ததும் நிறுத்தினார்.

"இது ரொம்பத் தப்பும்மா. ஒரு வாரம் நல்லாப் பழக்குங்க, மறுபடி வந்து பாக்குறேன். மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. கையெழுத்துப் போட்டுடறேன்."

நாத்தனார் அருகில் வந்து முணுமுணுத்தாள். "அண்ணி, நம்ம கூட்டம் கலந்துடுச்சு. வாயத் தொறக்காதீங்க."

அண்ணி வரிசையைப் பார்த்தாள். மணிச் சத்தத்தில் சாமான் அறையை விட்டு ஓடிவந்த செவிலியர் பிள்ளைகள் இருவர் அதில் நின்றார்கள். அப்படியானால் இன்னும் மூவர் உள்ளே. இருவரின் கால்கள் சாமான் அறைத் திரைக்குக் கீழே தெரிந்தன. நாத்தனார் நகர்ந்து போய் அவற்றை மறைத்து நின்றாள். மூன்றாவது ஆள் சுண்டு. இரண்டரை வயது. எலிகளில் கெட்டிக்காரன் அவன்தான். தேடினாலும் கிடைக்கமாட்டான், கூப்பிட்டாலும் வரமாட்டான்.

ஆய்வாளர் பேனாவைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார். அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். இருமலாவது வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

"சார், இன்னும் மூணு பேரு இருக்காங்க."

"என்னது?"

"மொத்தம் பதினஞ்சு. ஒருத்தனக் காணோம். தேடுங்க சார், முதல்ல தேடுங்க."

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அவளும் ஓடினாள்.

சாமான் அறை மூலையில் இருந்த போர்வைப் பெட்டியைத் திறந்தவர் ஆய்வாளர்தான். மூடி விழுந்ததில் வெளிக் கொக்கி தானாக மாட்டியிருந்தது. சுண்டு போர்வைகளின் மேல் சுருண்டு கிடந்தான். முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது, முகம் சிவந்திருந்தது. விழித்துத்தான் இருந்தான். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தான். அவர் தூக்கியபோதும் கையை எடுக்கவில்லை.

"பூனை போயிடுச்சுடா கண்ணு" என்றாள் அண்ணி. அதற்குப் பிறகுதான் எடுத்தான். பெருமூச்சு விட்டு அழத் தொடங்கினான்.

"பூனையா? எது பூனை?" என்றார் ஆய்வாளர்.

வரிசையில் நின்ற ஒரு சிறுமி அவரைக் கைகாட்டினாள்.

அவர் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஜன்னலோரம் காற்றுக்குக் கொண்டுபோனார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் போயிருப்பேன்மா."

"தெரியும் சார்."

"நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க."

காப்பகத்தின் உரிமத்தைப் புதுப்பிப்பது ஆறு மாதங்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் சுண்டுவின் தாய் வேலையை விட்டார். நாத்தனார் ஏப்ரலில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள்.