படியில் ஒரு கால்

மனிதகுலம் இதுவரை பட்ட துன்பங்கள் அத்தனைக்கும் ஒரே ஒரு வகை ஆள்தான் காரணம் என்பதைக் கடிகாரம் கண்டுபிடித்திருந்தான். அரசர்கள் அல்ல, வட்டிக்கு விடுகிறவர்கள் அல்ல, கேள்வித்தாள் தயாரிக்கிறவர்கள்கூட அல்ல. எங்கோ தொலைவில் எவனோ ஒருவன் ஓடி வருகிறான் என்பதற்காக, புறப்படத் தயாராக நிற்கும் பஸ்ஸின் படியில் ஒரு காலையும் தரையில் ஒரு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறானே, அவன்தான். அவன் ஒருவன் இல்லாதிருந்தால் போர்கள் வந்திருக்காது, விலைவாசி ஏறியிருக்காது, காலை வகுப்பில் முதல் வரிசை காலியாகக் கிடந்திருக்காது. இதைக் கடிகாரம் கேன்டீனில் டீ ஆறும்வரை விளக்குவான். சிரிக்காமல் விளக்குவான். எதிரே இருப்பவன் சிரித்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

கடிகாரம் என்பது பட்டப்பெயர். கல்லூரிக் காலம் முழுவதும் ஒரு வகுப்புக்கும் அவன் பிந்தியதில்லை. ஒரு பஸ்ஸுக்கும் ஓடியதில்லை. இத்தனைக்கும் அவனிடம் அலாரம் கிடையாது. கேட்டால், "உள்ளுக்குள்ளயே ஓடுது" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுவான், ஏதோ அங்கே சாவி கொடுத்து வைத்திருப்பதுபோல.

இந்தப் பல்கலைக்கழகத்தில் பஸ் என்பது சாதாரண விஷயமில்லை. நிலம் ஒதுக்கியவர் தாராள மனசுக்காரர். கட்டடம் கட்டியவர்களோ ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காதவர்கள். துறைகள் எல்லாம் பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பிகள்போல ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. ஹாஸ்டல் ஒரு கோடி, பரீட்சைக் கூடம் மறு கோடி. நடுவில் நூலகம், உடற்பயிற்சிக் கூடம், 'ஏரி' என்று பலகை வைத்த ஒரு குட்டை. நடந்து போனாலும் போய்ச் சேரலாம். எதற்காகக் கிளம்பினோம் என்பதுதான் மறந்திருக்கும். எனவே இரண்டு கோடிகளுக்கும் இடையே ஒரு நீல பஸ் போய்ப் போய் வந்தது. ஒன்றே ஒன்று. அதை விட்டால், அது திரும்பி வரும்வரை குட்டையை ஏரி என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மனிதகுலத்தின் எதிரி வேறெங்கும் இல்லை, கடிகாரத்தின் அறையிலேயே, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தான். அவனுக்கு முட்டுக்கட்டை என்று பெயர் வைத்ததும் கடிகாரம்தான். நாளடைவில் அது கட்டை என்று தேய்ந்தது. ஆள் குட்டையாகவும் அகலமாகவும் இருந்ததால் பொருந்தியும் போயிற்று. கட்டை படியில் கால் வைத்துவிட்டால் பஸ் நகராது. ஓடி வருவது யார் என்று பார்க்க மாட்டான். ஓடி வருகிறார்கள், அவனுக்கு அது போதும். ஒருமுறை ஏரிப் பக்கமிருந்து ஒரு பேராசிரியர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். கட்டை படியில் நின்று, டிரைவரிடம் பேச்சுக் கொடுத்து, ஏச்சு வாங்கி, பஸ்ஸை நிறுத்தி வைத்தான். பேராசிரியர் வந்தார், பஸ்ஸைத் தாண்டினார், அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தார். உடம்பு இளைக்க ஓடுகிறவராம்.

அறைக்கு வந்ததும் கடிகாரம் அவனுக்குக் கை கொடுத்து முறைப்படி வாழ்த்துச் சொன்னான்.

"கிண்டல் பண்ணாதடா," என்றான் கட்டை. "ஓடி வர்றவங்க மூஞ்சிய என்னைக்காவது பாத்திருக்கியா? பாவமா இருக்கும்."

"நான் எங்க பாக்கறது? நான்தான் உள்ள உக்காந்திருப்பேனே."

பஸ்ஸை நிறுத்தி வைக்கும் முறைகளைக் கடிகாரம் தரம் பிரித்து வைத்திருந்தான். ஒரே இடத்துக்கு மட்டும் போகிற பஸ்ஸின் டிரைவரிடம் "அண்ணே, இது எங்க போகுது?" என்று கேட்பது சுமார் ரகம், அதற்காவது கொஞ்சம் நடிப்பு வேண்டும். படியில் குனிந்து ஷூ லேஸ் கட்டுவது அதற்குக் கீழே. டயரில் காற்று குறைவு என்று டிரைவரின் வயிற்றில் புளியைக் கரைப்பது இன்னும் கீழே. எல்லாவற்றுக்கும் அடியில், அதற்கு மேல் மனிதன் விழ இடமே இல்லை என்கிற பாதாளத்தில் இருந்தது செருப்பு. தன் காலிலிருந்து தானே செருப்பை நழுவவிட்டு, "ஐயோ, செருப்பு விழுந்துடுச்சு" என்பது. எப்போதோ ஒரு சீனியர் அதைச் செய்ததாகக் கேள்வி. அந்த சீனியர் இன்று நல்ல வேலையில் இருக்கிறார் என்பதைக் கடிகாரத்தால் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை. கட்டைகூட செருப்புவரை போனதில்லை.

டிரைவர் அண்ணனுக்குக் கட்டையைக் கண்டாலே ஆகாது. கடிகாரத்தை நிரம்பப் பிடிக்கும். பஸ் பிந்துகிறது என்று அலுவலகத்தில் அவரைக் கூப்பிட்டு வறுத்தெடுத்திருந்தார்கள். பரீட்சைகள் தொடங்கிய வாரத்தில் அவர் கட்டையிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "இனிமே படியில கால் வெச்சேன்னா, கால் உங்கூட இருக்கும், பஸ் எங்கூட வந்துடும். அப்புறம் அண்ணன் சொல்லலன்னு சொல்லக் கூடாது."

"சரியான முடிவுண்ணே," என்றான் முன் சீட்டிலிருந்து கடிகாரம். "வர்றவன் வரட்டும், வராதவன் நடக்கட்டும்."

"பாரு. இந்தத் தம்பி மாதிரி நாலு பேரு இருந்தா நான் ஏன் பேச்சு வாங்கறேன்?"

அந்த வாரம் கட்டைக்கு வேறு கவலை இருந்தது. புள்ளியியல் தாள். ஏற்கெனவே இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் அரியர். மூன்றாவதிலும் போனால் படிப்பே போயிற்று என்பது பல்கலைக்கழகத்தின் விதி. கட்டையின் அப்பா படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். மகன் சேர்ந்த அன்றே பட்டச் சான்றிதழுக்கென்று நல்ல மரத்தில் ஒரு சட்டம் அடித்து, வீட்டு முன்னறையில் மாட்டிவிட்டார். வெறும் சட்டம் கண்ணை உறுத்தியதால், தற்காலிகமாக உள்ளே ஓர் அருவிப் படம். வருகிறவர்கள் எல்லாம் அருவியைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். கட்டையின் அக்கா போனில் கூப்பிடும்போதெல்லாம் நலம் விசாரிப்பதற்கு முன்பு அதைத்தான் சொல்வாள்: "அருவி இன்னும் கொட்டிக்கிட்டுதான்டா இருக்கு. நீ எப்ப நிறுத்தப் போற?"

ஒரு மாதமாகக் கடிகாரம்தான் அவனுக்குப் பாடம் எடுத்தான். திட்டித் திட்டி எடுத்தான். நிகழ்தகவு கட்டையின் மண்டையில் ஏறாதபோது, பஸ்ஸையே உதாரணமாக வைத்து, ஓடி வருகிறவனுக்கு அது கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போடச் சொன்னான். கட்டை போட்ட எல்லாக் கணக்கிலும் பஸ் கிடைத்தது. "நீ படியில நிக்காம போடுடா, எருமை," என்று தாளைக் கிழித்துப் போட்டு மறுபடி ஆரம்பித்தான். தன் சொந்தப் பரீட்சையைப்பற்றி அவன் இவ்வளவு கவலைப்பட்டதில்லை என்பது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

இங்கே ஒரு வாளியைப்பற்றியும் சொல்ல வேண்டும். கட்டையின் இரும்பு வாளி அது. அறைக் கதவுக்கு அருகே இருக்கும். தினமும் விடிந்தும் விடியாததுமாகக் குளியலறை வரிசைக்குக் கிளம்பும் கட்டை, தூக்கக் கலக்கத்தில் தினமும் அதை உதைப்பான். ஹாஸ்டலே அதிரும். கடிகாரம் போர்வைக்குள்ளிருந்து கட்டையின் பரம்பரையை விசாரித்துவிட்டு எழுந்துகொள்வான். எழுந்தபின் தூக்கம் வராது. அதனால் குளித்து, கிளம்பி, எல்லாருக்கும் முன்னால் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பான். இந்த இரண்டு விஷயங்களுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கலாம் என்று ஒருநாளும் அவனுக்குத் தோன்றியதில்லை.

புள்ளியியலுக்கு முந்தைய மாலை கடிகாரம் கண்டிப்பாகச் சொன்னான். "நாளைக்கு ஒரு நாளாவது அந்தக் கச்சேரி இல்லாம போடா. எனக்கும் பரீட்சை இருக்கு."

கட்டை நல்லவன். சொன்னபடி செய்தான். மறுநாள் காலை வாளியைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி, கதவைப் பூப்போல் சாத்திக்கொண்டு போனான். குளித்து வந்து, தூங்குகிறவனை ஒருமுறை பார்த்து, சத்தமில்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டான். எழுப்ப வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. உள்ளுக்குள் ஓடுகிறது என்று சொன்னதை அந்த ஹாஸ்டலில் முழுசாக நம்பிய ஒரே ஆள் அவன்தான்.

கடிகாரம் கண் விழித்தபோது வெயில் சுவரில் இருந்தது. சுவரில் அந்த இடத்தில் அவன் வெயிலைப் பார்த்ததே இல்லை. வாளி ஈரமாக, தன் இடத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. அவன் வாளியைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான், மறுபடி வாளியைப் பார்த்தான். ஏதோ ஒரு பெரிய உண்மை தன்னை நோக்கி வருவதுபோல் இருந்தது. வந்து சேர்வதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

கடிகாரம் ஓடுவதைப் பார்த்து ஹாஸ்டல் காவலாளி நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார், எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று.

வாசலைத் தாண்டியதும் தூரத்தில் நீல பஸ் தெரிந்தது. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. மணி அடித்ததும் பரீட்சைக் கூடத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள். இந்த பஸ்ஸில் போனால் வாசலில் நின்று சாவகாசமாகப் பயப்படக்கூட நேரம் இருக்கும். அடுத்ததில் போனால் சாத்திய கதவைத்தான் பார்க்கலாம். ஓடியபடியே அவன் பார்த்தது படியை. அங்கே ஒரு கால் இருந்தது. அகலமான, அவனுக்கு நன்றாகத் தெரிந்த கால். வாழ்க்கையில் எந்தக் காலையும் பார்த்து அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

அப்போது டிரைவர் ஏதோ சொன்னார்போலும், கால் உள்ளே போகவில்லை, கீழே இறங்கியது. கட்டை பஸ்ஸின் பின்பக்கம் சுற்றிப் போய், பின் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, டயரைச் சுட்டிக் காட்டி உரக்க ஏதோ சொல்லத் தொடங்கினான். கடிகாரம் வந்துவிட்டான். கைப்பிடியைப் பற்றினான், தொற்றினான், நாலைந்து கைகள் அவனை உள்ளே இழுத்தன. பஸ் நகர்ந்தது.

மூச்சு வாங்கியபடி பார்த்தால், ஜன்னலோர சீட்டு ஒன்றில் ஆளில்லை. கட்டையின் பை மட்டும் உட்கார்ந்திருந்தது. கடிகாரத்துக்காகப் பிடித்து வைத்த இடம்.

கடிகாரம் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தான். சாலை நடுவில் கட்டை குந்தியபடியே இருந்தான். அவன் விரல் இன்னும் டயரைச் சுட்டிக்கொண்டிருந்தது. டயர்தான் அங்கே இல்லை. பிறகு எழுந்து ஓடி வரத் தொடங்கினான். ஓடுவதற்கென்று செய்த உடம்பல்ல அது. ஓடி வருகிறவர்களின் முகத்தைக் கடிகாரம் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான்.

நூலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அக்கா முன்னால் போய், ஒரு பையன் கீழேயே நின்றுவிட்டான், பரீட்சைக்குப் போகிறவன், நிறுத்துங்கள் என்று டிரைவரிடம் மன்றாடினாள்.

"சொன்னதத்தாம்மா செஞ்சேன். ஒருத்தனுக்கு நின்னா தினமும் நிக்கணும்." கண்ணாடியில் அவருடைய கண்கள் கடிகாரத்தைத் தேடிப் பிடித்தன. "இதோ, இந்தத் தம்பியையே கேளுங்க. நியாயஸ்தன். என்ன தம்பி சொல்லுவ நீ? வர்றவன் வரட்டும்..."

பஸ் முழுக்கத் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தது. மீதிப் பாதி அவன் தொண்டை வரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. காற்று வாங்கப் போகிறவன்போலப் படிப் பக்கம் நகர்ந்தான்.

உடற்பயிற்சிக் கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை உண்டு. பஸ் அங்கே முனகிக்கொண்டு மெதுவாக ஏறியது. கடிகாரம் மரங்களைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். வலது காலின் கட்டை விரலை மட்டும் லேசாகத் தளர்த்தினான்.

"அண்ணே," என்றான். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. "செருப்பு விழுந்துடுச்சு."

"செருப்பா?"

"ஒண்ணுதான்."

டிரைவர் கண்ணாடியில் அவனை வெகுநேரம் பார்த்தார். வேறு எவன் சொல்லியிருந்தாலும் நின்றிருக்க மாட்டார். ஆனால் இது கடிகாரம். இந்தப் பையன் பஸ்ஸை நிறுத்தப் பொய் சொல்வான் என்று நம்புவதைவிட, செருப்பு தானாகவே விழுந்தது என்று நம்புவது சுலபம். பஸ் நின்றது. வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த நல்ல பெயரைக் கடிகாரம் ஒரே செருப்பில் செலவழித்துவிட்டு இறங்கினான்.

செருப்பு சாலை நடுவில் எல்லாரும் பார்க்கும்படி கிடந்தது. அவன் அதைத் தவிர மற்ற இடங்களில் எல்லாம் தேடினான். புதரை விலக்கிப் பார்த்தான். மரத்தின்மேல்கூட ஒரு பார்வை பார்த்து வைத்தான். கட்டை மூச்சிரைக்க வந்து சேர்ந்தான், வரும் வழியில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு.

"என்னடா தேடற?"

"செருப்பு."

கட்டை கையில் இருந்ததைப் பார்த்தான், கடிகாரத்தின் காலைப் பார்த்தான். புரிந்தது. சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் மூச்சு இல்லை. "டேய், நீயாடா..."

"ஏறுடா. உன்னாலதான் லேட்டு."

கட்டை ஏறினான். அந்தத் தாளில் அவன் தேறியதும், அருவி இறங்கிச் சான்றிதழ் ஏறியதும், வருகிறவர்கள் எல்லாம் "இங்க ஒரு நல்ல படம் இருந்துச்சே, எங்க?" என்று இன்றுவரை கேட்பதும் பிற்பாடு நடந்தவை. அன்றைக்கு, கட்டை உள்ளே போய்ப் பையை மடியில் வைத்து உட்கார்ந்த பிறகும், கடிகாரம் படிக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தான்.

"எடுக்கலாமா தம்பி?" என்று டிரைவர் கேட்டார்.

"இதோண்ணே, மாட்டிட்டு வந்துடறேன்."

ஏரிப் பக்கமிருந்து முதல் வருடத்துப் பெண் ஒருத்தி, அளவுகோலையும் தண்ணீர் பாட்டிலையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள். யாரென்று அவனுக்குத் தெரியாது. கடிகாரம் ஒரு காலைப் படியில் தூக்கி வைத்து, குனிந்து, செருப்பை மாட்டத் தொடங்கினான். அவள் வந்து ஏறும்வரை மாட்டி முடியவில்லை. இத்தனைக்கும் அது வார் எதுவும் இல்லாத, காலை நுழைத்தால் போதும் என்கிற ரப்பர் செருப்பு.