வலப்பக்கத்து இருமல்

ஹோல்கர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிடாமல் யாரும் இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளை நெருங்கக் கூடாது. விருந்தாளியானாலும் சரி, மனைவி ஊல்லாவானாலும் சரி. ஊசி நுனியில் இருப்பது கண்ணுக்கே தெரியாத வைரம், அதைத் தாங்கும் தண்டு மயிரிழை, ஒரு நூல் மாட்டினாலும் போச்சு என்று முப்பது வருடமாக ஓதிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தச் சட்டத்தை மீறியது யார் தெரியுமா? ஓதியவரேதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஊல்லா பின்னிக் கொடுத்த பச்சைக் கம்பளிச் சட்டையோடு இசைத்தட்டைத் திருப்பிப் போடக் குனிந்தார். கையை இழுத்தார். டிக்கென்று ஒரு சத்தம். தண்டு முறிந்துவிட்டது. மூடியைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

மறுநாள் காலை ஊல்லா தூசு துடைத்தாள். துடைத்து முடித்துப் பார்த்தால் ஊசியைக் காணோம். "நான்தான் உடைச்சுட்டேன் ஹோல்கர்" என்று சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அப்போதாவது மனுஷர் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தார், எதற்கு? "சரி விடு ஊல்லா, யாருக்கும் கை தவறத்தான் செய்யும்" என்று சொல்வதற்கு! காபி வேறு போட்டுக் கொடுத்தார். பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டாராம். போதாததற்கு, இந்தச் சாக்கில் ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜையே இன்னும் உசத்தியாக வாங்கிவிடலாம் என்று உள்ளூரச் சந்தோஷம். பிற்பாடு அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது.

சனிக்கிழமை ஓடென்ஸ் நகரில், இசைக் கருவிகள் விற்றுப் பழுதும் பார்க்கும் ப்ரெபெனின் கடைக்குப் போனார்கள். "உடைச்சது நான், நான் வராம எப்படி?" என்று ஊல்லாவும் கிளம்பிவிட்டாள். வெளியே குளிர்காற்று என்று அந்தப் பச்சைச் சட்டையை அவளே எடுத்து அவருக்கு மாட்டிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவரிடம் என்ன காரணம் இருந்தது?

ஊல்லா உள்ளே பாட்டுக் கேட்கும் அறையில் போய் உட்கார்ந்தாள். ப்ரெபென் உடைந்த காட்ரிட்ஜை உருப்பெருக்கியின் கீழே வைத்தான்.

"தூசு துடைக்கும்போதா ஒடஞ்சுது?"

"ஆமா. அவதான்... துடைச்சா."

ப்ரெபென் சின்ன இடுக்கியால் எதையோ மெல்ல இழுத்தான். நக நீளத்துக்கு ஒரு பச்சை நூல். அதைப் பார்த்தான். ஹோல்கரின் சட்டைக் கையைப் பார்த்தான். நூலை ஒரு வெள்ளைத் தாளில் வைத்துவிட்டு, "வாங்க, மூணு காட்ரிட்ஜ் மாட்டி வச்சிருக்கேன், கேட்டுப் பாருங்க" என்று எழுந்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஹோல்கருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கேட்டுப் பார்க்க ஊல்லா தன் இசைத்தட்டையே கொண்டுவந்திருந்தாள். அவளுடைய சர்ச் பாடகர் குழு இளமையில் போட்ட ஒரே தட்டு. அதில் இரண்டாம் பாட்டு நடுவே எல்லோரும் நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தில் ஓர் இருமல் கேட்கும். அது தோழி இங்கர்லிஸ என்பது ஊல்லாவின் தீர்ப்பு. நாற்பது வருடமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் அதைச் சொல்லி அவளை ஓட்டாமல் விட்டதில்லை.

வேறு நாளாக இருந்தால் ஒவ்வொரு காட்ரிட்ஜுக்கும் ஹோல்கர் அரைமணி நேரம் வியாக்கியானம் செய்திருப்பார். இன்று தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஊல்லாதான் பேசினாள்.

"மொதலாவதுல எல்லாருக்கும் மூக்கடைச்ச மாதிரி இருக்கு. ரெண்டாவது பரவால்ல, ஆனா இருவது பேரையும் ஒரே பெஞ்சுல நெருக்கி உக்கார வச்சிருக்கு."

மூன்றாவதில் ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் நின்று பாடினார்கள். மூச்சு வாங்கினார்கள். இருமல் வந்தது. ஊல்லா விறுக்கென்று நிமிர்ந்தாள்.

"இன்னொரு தடவை போடுங்க."

ப்ரெபென் போட்டான்.

"இருமல் வலப்பக்கத்துலேர்ந்துல்ல வருது! இங்கர்லிஸ இடப்பக்கம் நின்னா. வலப்பக்கம் நாங்கதான்..." ஊல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ, அது நான்! அன்னிக்கு எனக்குத்தான் சளி!"

கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள். "அடப்பாவமே, நாப்பது வருஷமா அவளைப் போட்டு வறுத்தெடுத்திருக்கேனே! வீட்டுக்குப் போனதும் மொத வேலை, அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

ஹோல்கருக்குக் காது சுட்டது. நாற்பது வருடத்து இருமலை, யாரும் கேட்காமலே, தட்டு சுற்றி நிற்பதற்குள் ஒப்புக்கொண்டுவிட்டாள். அவருடையது நாலே நாள் பழசு. ப்ரெபென் காபி எடுத்துவரப் போனான்.

"ஊல்லா, ஊசியை உடைச்சது நீ இல்ல. நான். இந்தச் சட்டைக் கைதான்."

அவள் சிரிப்பு நின்றது. அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தாள்.

"நான் அழுதப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் காபி போட்டுக் குடுத்தியா?"

"ஆமா."

"என்னை மன்னிச்சியே ஹோல்கர்."

அவள் சத்தம் போடவில்லை. அவருக்குத் தரைக்குள் புதைந்துபோகலாம் போல இருந்தது. காபியோடு வந்த ப்ரெபெனிடம், "மூணாவது" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஊல்லா இங்கர்லிஸவுக்குப் போன் போட்டாள். ஹோல்கர் நடையில் நின்று சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஆமாடி, நானேதான்! சத்தியமா! என்னை நீ எவ்வளவு வேணா திட்டிக்கோ..." இரண்டு பேரின் சிரிப்பும் அவருக்குக் கேட்டது. பிறகு இங்கர்லிஸ ஏதோ கேட்டாள் போலிருக்கிறது. ஊல்லா திறந்திருந்த கதவு வழியாக ஹோல்கரைப் பார்த்தாள்.

"பழைய ஊசியா? அதான் புதன்கிழமையே சொன்னேனே. துடைக்கும்போது என் கை தவறிடுச்சு."

ஹோல்கர் ஒரு கை கழன்ற சட்டையோடு ஓடிவந்து, "குடு, நான் சொல்றேன்" என்று கையை நீட்டினார். ஊல்லா போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டு, "அப்புறம் சொல்லுடி" என்றாள்.