மேஜைமேல் எட்டு இலைகள்

கோயம்புத்தூர்க்காரர்கள் மேஜையில்தான் சாப்பிடுவார்களாம். கல்யாணத் தரகர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன இந்த ஒரு வார்த்தை பழனாத்தாளின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

"பந்திப்பாயை விரிச்சா ஆகாதா, புள்ள?" என்றார் கணவர் மாரப்பன்.

"ஆகாதுங்க. நம்ம நல்லேப்பிள்ளி ஊர்க்காரங்களுக்கு நாகரிகம் தெரியாதுன்னு பேசறதுக்கா?"

அவர் வண்டியைப் பூட்டிக்கொண்டு போய், பக்கத்துச் சித்தூர் வக்கீல் வீட்டு நீள மேஜையைக் கொண்டுவந்து இறக்கினார். ஐம்பத்தாறாம் வருஷம், தை மாசம். ஊரில் பாதிப் பேர் மேஜையைப் பார்க்கவே வந்துபோனார்கள்.

மகள் மயிலாத்தாளுக்கு ஏற்கெனவே மூன்று வரன் கைநழுவிப் போயிருந்தது. இந்தக் கோயம்புத்தூர் மாப்பிள்ளை நல்லதம்பியை அவளுக்கே பிடித்துப்போயிருந்தது. வாய்விட்டுச் சொன்னாளா? இல்லை. அவன் பெயரை எடுத்தால் போதும், குடம் நிறைந்திருந்தாலும் கிணற்றடிக்கு ஓடிவிடுவாள். இன்று விருந்து முடிந்து தாம்பூலம் மாற்றிவிட்டால் கல்யாணம் உறுதி. பழனாத்தாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மேஜைமேல் சலவை வேட்டியை விரித்தாள். ஓரமெல்லாம் மாவிலை தொங்கவிட்டாள். நடுவில் பித்தளைச் சொம்பில் தென்னம்பூ, சுற்றிலும் செவ்வந்தி. இரண்டு பக்கமும் நாலு நாலு வாழையிலை, நுனியெல்லாம் ஒரே சீராகக் கிழக்கே பார்த்து. தள்ளி நின்று பார்த்தபோது தன் கண்ணே பட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

ஆண்கள் உட்கார்ந்தார்கள். வடக்குப் பக்கம் பெண் வீட்டார், எதிரே மாப்பிள்ளை வீட்டார். உப்பும் ஊறுகாயும் சர்க்கரையும் வைத்தாயிற்று. அப்போதுதான் சுப்பாத்தாள் வந்து நின்றாள். தாயில்லாத நல்லதம்பியை வளர்த்த அத்தை. அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"ஏனுங்க, இதென்னங்க? எங்காளுங்களுக்கு மட்டும் நுனி வலக்கைப் பக்கமா இருக்குது. கருமாதிக்குத்தானுங்க இப்பிடிப் போடுவாங்க?"

பழனாத்தாள் இலைகளைத் திரும்பப் பார்த்தாள். எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவருக்கு இடது, மற்றவருக்கு வலது. இது எப்படித் தோன்றாமல் போயிற்று! ஆயிரம் பந்திக்கு இலை போட்ட கை அது.

"தப்பு என்னுதுங்க," என்றாள். "அழகைப் பார்த்தேனுங்க, ஆளைப் பார்க்கலீங்க."

நல்லதம்பி எழுந்தான். இரண்டு கையாலும் இலையை எதிர்ப்பக்கம் தள்ளினான். மாப்பிள்ளையே இலையைத் தள்ளிவிட்டு எழுந்தால் அப்புறம் என்ன இருக்கிறது? கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுபோனது.

அவனோ மேஜையைச் சுற்றி வந்தான். "மாமா, கொஞ்சம் நகருங்க" என்று மாரப்பனை இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பூவுக்கு நடுவே கையை விட்டுத் தன் இலையை நேராக இழுத்துக்கொண்டான். இலை திரும்பவில்லை, ஆள்தான் பக்கம் மாறினான். நுனி இப்போது இடக்கைப் பக்கம்.

அவன் அப்பாவும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். மற்ற இருவரும் இலையைத் தள்ளிவிட்டு வந்தார்கள். சொம்பு உருண்டது, செவ்வந்தி ஊறுகாயில் விழுந்தது, பழனாத்தாள் பாடுபட்டுச் செய்ததெல்லாம் அரை நிமிஷத்தில் அலங்கோலமாயிற்று. எட்டுப் பேரும் ஒரே பக்கம், யார் எந்த வீடென்று தெரியாதபடி தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சுப்பாத்தாள் அந்த வரிசையை ஒரு முறை பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பழனாத்தாளின் கையிலிருந்த சோற்றுக்கூடையை வாங்கினாள்.

"பார்த்துட்டே நின்னா எப்பிடிங்க, சம்பந்தி? நெய் எங்க வெச்சிருக்கறீங்க?"