நாலு கோட்டுச் சோதனை

ஆள் தேவை என்ற பலகை அந்தத் தையல் கம்பெனி வாசலில் தொங்கத் தொடங்கி ஒரு வருஷமாகிறது. இரண்டு இடம் காலி என்று போட்டிருந்தது, இன்னும் காலிதான். நிரப்பவா தொங்கவிட்டார்கள்? திங்கட்கிழமைதோறும் பத்துப் பெண்கள் வந்து ஆளுக்கு நாலு ஆஸ்பத்திரிக் கோட்டு தைப்பார்கள். சோதனைத் தையல் என்று பெயர், கூலி கிடையாது. மாலையில் பத்துப் பேரின் தாளிலும் 'தையல் சீராக இல்லை' என்று எழுதிக் கொடுப்பது மேற்பார்வைக்காரியின் வேலை. அவர்கள் படியிறங்கியதும் அதே நாற்பது கோட்டிலும் கம்பெனி லேபிளைத் தைத்துப் பெட்டியில் அடுக்குவதும் அவள் வேலைதான்.

வயிற்றுப்பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே. முதுகு ஒடிந்து படுத்திருக்கும் புருஷனுக்கு மருந்தே அவள் சம்பளத்தில்தான். அதனால் வாயையும் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் திங்கட்கிழமை வந்தவர்களில் ஒருத்தி அவள் நாத்தனார், புருஷனின் தங்கை. வேலை பார்த்த தையல் கடை மூடி மூன்று மாதமாகிறது. அண்ணி இருக்கிற இடம்தானே என்ற தெம்பில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கடைசி மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான புதிதில் அண்ணி தைத்த சட்டையைப் பார்த்து, "இது யாருக்கு, தலையணைக்கா?" என்று கேட்டவள். கேட்கிற அளவுக்கு அவள் தையல் சுத்தம். எழுந்து போய்விடு என்று சொல்ல அண்ணிக்கு நாக்கு எழவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முதலாளி இருந்தார்.

நாலாவது கோட்டை மடித்துக்கொண்டே நாத்தனார் கேட்டாள். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்பாங்க. ஒரு கோட்டைப் பார்த்தா தெரியாதா அண்ணி? நாலு எதுக்கு?"

"இங்க அப்படித்தான்" என்றாள் அண்ணி, முகம் பார்க்காமல்.

ஐந்து மணிக்குத் தாள்களைக் கொடுத்தாள். பழகிய கை பத்திலும் ஒன்றையே எழுதியிருந்தது.

நாத்தனார் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தாள். வரவில்லை. தாளை இரண்டு தடவை படித்துவிட்டுத் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள்.

"மூணு மாசமா மெஷினைத் தொடலை இல்ல, கை போயிடுச்சு போல. அண்ணன்கிட்ட சொல்லாதீங்க அண்ணி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. உழைப்பைத் திருடியது போதாதென்று, இத்தனை பேரையும் தங்கள் கையையே சந்தேகப்பட வைத்து அனுப்பியிருக்கிறாள்.

"யாரும் போகாதீங்க" என்றாள். நாத்தனார் தைத்த கோட்டை எடுத்து, மெஷினில் உட்கார்ந்து, பத்துப் பேரும் பார்க்க லேபிளைத் தைத்தாள். "இது நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகுது. உன் தையல்ல குறையே இல்ல. இங்க யார் தையல்லயும் இல்ல."

கண்ணாடிக் கதவு திறந்தது. "என்னம்மா பண்றே?"

"வாராவாரம் பண்றதுதான் சார். இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம்."

அரை மணி நேரத்தில் அவள் பையும் வாசலுக்கு வந்துவிட்டது. தெருவில் நாத்தனார் அழுதாள். "என்னால உங்க வேலையும் போச்சே. அண்ணனோட மருந்துக்கு என்ன பண்ணுவோம்?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. அடுத்த தெருவுலயும் பலகை தொங்குது, காலையில ரெண்டு பேரும் போவோம்." முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். "ஆனா ஒண்ணுக்கு மேல தைக்காதே."