காரணம்: பத்துச் சொற்களுக்குள்

1

இந்தக் கதை ஒரு பெட்டிக்குள் பிறந்தது. எங்கள் அலுவலகத்தில் கணினி நிரலிலிருந்து ஒரு வரியை நீக்குவதற்கும் படிவம் உண்டு. அதன் அடியில் 'காரணம்' என்று ஒரு சின்னப் பெட்டி. பக்கத்திலேயே 'பத்துச் சொற்களுக்குள்' என்று ஒரு மிரட்டல். முதல் சொல்லைத் தட்டினேன். எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் ஒரு மேகம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அது கடைசி மாடியைத் தாண்டும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினால், பெட்டிக்குள் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

(உண்மையில் அவர் உட்கார்ந்திருந்தது செல்போன் ரிப்பேர் கடையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். அவசரப்படாதீர்கள், வருகிறேன்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவரின் குரல், கடைசி சீட்டில் தூங்குபவரையும் எழுப்பி..." வேண்டாம். குரல் போனவரின் கதையைக் குரலிலிருந்து ஆரம்பிப்பது எல்லோருக்கும் தோன்றுகிற வழி.

இரண்டாவது முயற்சி: "உங்கள் போனின் விசைப்பலகைக்குள் உங்களுக்கென்று ஒரு அகராதி இருக்கிறது." இது தேவலை. பிள்ளையின் செல்லப்பெயர், உங்களுக்குப் பிடித்த வசவு என்று நீங்கள் அடிக்கடி தட்டுவதையெல்லாம் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை முதல் எழுத்தைத் தொட்டதுமே முழுச் சொல்லையும் எடுத்து நீட்டும்.

ஆனால் நம்மில் பலரைப் போல நீங்களும் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர் என்றால் ஒரு தொல்லை. செய்தியின் முதல் எழுத்தைப் பலகை தானாகவே பெரிய எழுத்தாக்கும். அப்படியே மனப்பாடமும் செய்துவிடும். பிறகு அந்தச் சொல் நடு வாக்கியத்திலும் தலைப்பாகையோடு வந்து நிற்கும். ஜனங்கள் புகார் செய்தார்கள்.

அதற்கு ஒரு நிரலாளன் ஒரு விதி எழுதினான். செய்தியின் தொடக்கத்தில் மட்டுமே, பெரிய எழுத்தோடு மட்டுமே வருகிற சொல் தற்செயலானது. போன் சார்ஜில் இருக்கும்போது அதைச் சத்தமில்லாமல் நீக்கிவிடு.

3

இந்த நிரலாளன் எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறான். தாடி வைத்துப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். பக்கத்து நாற்காலிப் பெண்ணை அவனிடம் பேசவிட்டேன்.

"ஒருத்தர் எப்பவும் ஒரே வார்த்தையில ஆரம்பிச்சா? அதுவும் போயிடுமே?"

"அப்படி யாரு எழுதுவா?" என்று அவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை எழுதிய பிறகு அவன் முகத்தை எழுத வரவில்லை. சரி, சொல்லிவிடுகிறேன். தாடி பொய், அவனும் பொய். விதியை எழுதியது நான். சிரித்ததும் நான்தான்.

4

திரை விரிசல் விட்ட என் போனோடு ஒரு மத்தியானம் அந்தக் கடைக்குப் போனேன். மின்விசிறி காற்றைக் கிளப்பாமல் தூக்கத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தது. கண்ணாடி மேசைக்கு அடியில் செத்த போன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. நாற்காலியில் கண்டக்டர், மேசையோரம் அவர் மனைவி. பக்கவாதம் அவருடைய பேச்சையும் வலது கையையும் கொண்டுபோயிருந்தது. மிச்சம் இடது கட்டைவிரல். அந்த விரலால் தட்டுவதைப் போன் உரக்கப் படிக்கும்.

"தம்பி, இது மூணாவது தடவை," என்றார் அந்த அம்மாள் கடைக்காரரிடம். "நீங்க சேர்த்துக் குடுக்கறீங்க. மத்தியானம் இவரும் தூங்கறாரு, போனும் சார்ஜில தூங்குது. எழுந்து பார்த்தா என் பேரைக் காணோம்."

"பேரை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

"இந்த வயசுல வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு. வாலு."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"கல்யாணமான புதுசுல வெச்சாரு. எதுக்குன்னு கேக்காதீங்க. தண்ணி வேணும்னாலும் சண்டை போடணும்னாலும் இவருக்கு மொத வார்த்தை அதுதான். மொத எழுத்தைத் தொட்டா போன் கூப்பிட்டுடும். இப்ப வர்றதில்ல. ஸ்பூனால தட்டைத் தட்டறாரு. தட்டினா திரும்ப மாட்டேன்னு சொல்லிட்டேன். நான் என்ன ஆடா மாடா?"

"போன்ல கோளாறு ஒண்ணும் இல்லம்மா. ஐயாதான் எதையாவது மாத்தி அழுத்தியிருப்பாரு."

பெரியவர் தலையை வேகமாக ஆட்டினார். மேசைக் கண்ணாடியைத் தட்டினார். அம்மாள் திரும்பவில்லை. பெரியவர் கண் கலங்கிவிட்டது.*

பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகத் தேட ஆரம்பித்தார். கட்டைவிரல் பக்கத்து எழுத்தில் விழுந்தது. அழித்தார். மறுபடி விழுந்தது. நாங்கள் எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே கனவில் நிற்பவர்களைப் போல நின்றோம். கடைசியில் போன் உணர்ச்சியே இல்லாத குரலில் சொன்னது: "வாலு."

அம்மாள் திரும்பினார். "என்னங்க?"

பெரியவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பாதி வாயால் சிரித்தார்.

"இதுக்குத்தானா இவ்வளவு பாடு?" என்று அந்த அம்மாள் கைக்குட்டையால் அவர் மோவாயைத் துடைத்தார்.

* அப்போதே சொல்லியிருக்கலாம்: 'அம்மா, தப்பு ஐயா மேல இல்ல, என் மேல.' எனக்கு வெட்கமாக இருந்தது. என் போனைக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

5

விசைப்பலகைக்கு மேலே சொற்களை எடுத்து நீட்டுகிற மூன்று கட்டங்கள் இருக்கும். முடிவுகளையும் அப்படியே வைத்துப் பார்க்கிறேன்.

இடது கட்டம்: விதி நீங்குகிறது, பெயர் தங்குகிறது, அம்மாள் கடைக்காரரை வாயாரப் புகழ்கிறார். நான் நைசாகத் தப்பிக்கிறேன்.

வலது கட்டம்: என் போனை வாங்கப் போகிறேன், அவர்களிடம் உண்மையைச் சொல்கிறேன். பெரியவர் நிதானமாக ஏதோ தட்டுகிறார். போன் வாயைத் திறந்து... (அவர் என்ன தட்டுவார் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. தெரிந்தால் இந்நேரம் போயிருப்பேன்.)

நடுக் கட்டம்: விதி தங்குகிறது. ஸ்பூன்.

6

குழுத் தலைவரிடம் போனேன்.

"எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினை?"

"எனக்குத் தெரிஞ்சு ஒருத்தருக்கு, சார்."

"ஒருத்தருக்காகவா?" அவர் நெற்றியைத் தேய்த்தார். "சரி, காரணத்தை எழுதும்மா. ஆனா நான் ஒப்புதல் தர முடியாது, அந்த விதிக்கு அன்னிக்குத் தலையாட்டினதே நான்தான். சம்பந்தமே இல்லாத யாராவது படிச்சுச் சொல்லட்டும்."

சம்பந்தமே இல்லாத அந்த யாரோ நீங்கள்தான். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். மேலே உள்ளது எதுவும் பெட்டிக்குள் அடங்காது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எண்ணி எண்ணி இதை எழுதியிருக்கிறேன்:

ஒருவரால் தன் மனைவியைக் கூப்பிட முடியவில்லை. வரியை எழுதியவள் நான். நீக்க விடுங்கள்.

கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன, ஒப்புதல், நிராகரிப்பு. இரண்டும் உங்கள் பக்கம்தான். இங்கே மணி இரண்டு ஆகப்போகிறது. பெரியவர் சாப்பிட்டு முடித்திருப்பார். அம்மாள் போனைச் சார்ஜில் போட எழுந்துகொண்டிருப்பார்.